புதுச்சேரியில் வீடு வாங்க எந்தப் பகுதி? ரெயின்போ நகரா, சோலை நகரா, கோட்டக்குப்பமா?

சேலத்துக்காரி:

வணக்கம். என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. கோரிமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். வரும் ஜூனில் நானும் பிள்ளைகளும் மாமியாரும் அங்கே போகிறோம். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. மாமியாருக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. கையிருப்பும் வங்கிக் கடனும் சேர்த்து 75 லட்சத்துக்குள் ஒரு பழைய தனி வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சாயங்காலம் நடந்து போய்க் கடலைப் பார்க்கிற தூரத்தில் வீடு அமைய வேண்டும் என்று ரொம்ப ஆசை.

போன வாரம் ரெயின்போ நகர், சோலை நகர், கோட்டக்குப்பம் மூன்றிலும் ஒவ்வொரு வீடு பார்த்தோம். ரெயின்போ நகர் வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. தரைத்தளம், அகலமான தெரு, பின்னால் கிணறும் முருங்கை மரமும். இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், இந்த வாரமே அட்வான்ஸ் கொடுங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைவாசி:

சகோதரி, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் பிறந்தது முத்தியால்பேட்டை. 2019 முதல் ஐந்து வருடம் ரெயின்போ நகரில் வாடகைக்கு இருந்தேன். அதுவும் தரைத்தளம்தான், நல்ல வீடுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்து வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தோம். அது குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக மேலே வந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் நனைகிறது. விடிவதற்குள் இடுப்பளவு. ஃப்ரிட்ஜ் சாய்ந்து மிதந்தது. 78 வயது அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டுக்குக் கொண்டுபோனோம். பக்கத்துக் கிருஷ்ணா நகரில் ராணுவம் படகோடு வந்து ஆட்களை மீட்டது. உங்கள் மாமியாருக்கு மாடி ஏற முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கோரிமேடும் லாஸ்பேட்டையின் மேல்பகுதியும் செம்மண் மேடு. அங்கே பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கி கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் வந்துதான் நிற்கிறது. வாய்க்கால் கொள்ளாது. அன்றைக்கு வைத்திக்குப்பத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசல்படிகூட நனையவில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லாரும் கடலுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறார்கள். இந்தத் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள்.

அந்த வீட்டை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நிலைக்கதவின் அடிமரம் கறுத்திருக்கிறதா, சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறதா, சுவிட்ச் போர்டுகளை மேலே ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் காலி செய்த வீட்டில் அடுத்த மாதமே சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டின் மேல் பெயின்ட் அடித்து வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தெரியும்.

இப்போது லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் ரோடு பக்கம் இருக்கிறேன். ஜிப்மர் பக்கம், பள்ளிக்கூடங்களும் பக்கம். கடலுக்கு நடக்க முடியாது, ஸ்கூட்டரில் போகிறேன். லாஸ்பேட்டை என்றாலே மேடு என்றும் நம்பிவிட வேண்டாம், ஜீவானந்தபுரம் போலப் பள்ளமான இடமும் இதிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் 11 மாதம் வாடகைக்கு இருங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சோலைநகர் பொறியாளர்:

அண்ணன் சொன்னது சரி. சோலை நகர் பற்றி நான் சொல்கிறேன், இங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் பக்கம் தொல்லை உப்பு. கடலை ஒட்டிய முதல் இரண்டு மூன்று தெருக்களில் ஏ.சி.யின் வெளி யூனிட் சீக்கிரம் அரித்துப்போகும், ஜன்னல் கிரில் வருடா வருடம் சுரண்டிப் பெயின்ட் கேட்கும். அதெல்லாம் சமாளிக்கலாம். பழைய வீடு என்றால் சீலிங்கைப் பாருங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட் பிளந்து கொட்டும். மேலே பூசி மறைத்திருப்பார்கள், ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். போர்வெல் தண்ணீரையும் வாயில் விட்டு உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள்.

கடல் அரிப்பையும் மறக்காதீர்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் தங்கிவிட்டது. வடக்கே நகரக் கடற்கரை காணாமல் போய்க் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு இன்னும் வடக்கே, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று போய்விட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கிய பிறகு அங்கே மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. ஆகவே கோட்டக்குப்பம் வீடு கடலோரமாக இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வரும்போது என் பிள்ளைகள் வீட்டிலிருந்து நடந்தே போகிறார்கள்.

கோட்டக்குப்பம் குடும்பஸ்தன்:

ஒரே ஒரு விஷயம். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பத்திரப் பதிவு, ரேஷன், மின்கட்டணம் எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம். உங்கள் மகள் பின்னாளில் புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, பெரியவன் பிளஸ் டூ முடித்தபோதுதான் வருத்தப்பட்டோம். மற்றபடி அக்கம்பக்கம் அருமையானவர்கள்.

சேலத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வீட்டுக்காரர் வேலை முடிந்து ரெயின்போ நகர் போனார். நிலைக்கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் கறுத்திருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டதற்கு அவர் ஒன்றும் பேசவில்லை, கையை இடுப்புக்கு மேலே வைத்துக் காட்டினாராம். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாமியாரிடம் சொன்னேன், முருங்கை மரம் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அண்ணா, ஏர்போர்ட் ரோடு பக்கம் தரைத்தளம் வாடகைக்கு ஏதாவது இருக்கிறதா?

லாஸ்பேட்டைவாசி:

எங்கள் தெருவிலேயே ஒரு வீடு மே மாதம் காலியாகிறது. ஃபெஞ்சலில் தண்ணீர் வரவில்லை, நானே விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.