ஆன்லைனில் ரகசியமாகக் குடி சிகிச்சை: எங்கிருந்து தொடங்குவது?

நாலாவது மாடி:
வயது 36. மூன்று வருடமாக தினமும் ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரை பாட்டில். சில நாள் அதற்கும் மேல். போன வாரம் ஆபீசில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கை உதறியதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' பத்துக் கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பார்த்தால், 40-க்கு 27.

வீடியோவிலேயே மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் வீட்டில் எல்லா போனும் ஒரே கணக்கில் இருக்கின்றன. மனைவிக்கும் ஆபீசுக்கும் தெரியாமல் முடியுமா? முதலில் நானே ஒரு வாரம் நிறுத்திக் காட்டிவிட்டுப் போனால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்றும் தோன்றுகிறது.

பழைய செருப்பு:
தம்பி, அந்தக் கடைசி வரியை முதலில் அழியுங்கள். அதே மரியாதைக்கு ஆசைப்பட்டவன் நான். நிறுத்திய இரண்டாம் நாள் மதியம், பையனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகையில் வலிப்பு. டம்ளர் விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது, அப்புறம் ஆம்புலன்ஸின் கூரைதான்.

தினமும் குடிக்கும்போது மூளை அந்த மந்தத்துக்கு ஈடுகொடுக்க எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். குடியைத் திடீரென்று எடுத்தால் முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை ஆறேழு மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கடுத்த நாட்களில் சிலருக்கு நேரம், இடம் குழம்பி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிரையே எடுக்கும். வீட்டிலிருந்தே நிறுத்தலாமா, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இதற்கு முன் வலிப்பு வந்திருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. சில மாதத்தில் மறுபடி பழைய கதை. அப்போதுதான் வீடியோவில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். குடிக்கும் அளவைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இரண்டு கையையும் கேமரா முன் நீட்டி விரலை விரியுங்கள்" என்றார், அவ்வளவுதான். விரல்கள் உண்மையைச் சொல்லிவிட்டன.

பிறகு கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை, தயமின் எனும் பி1 வைட்டமின். ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன். ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது, அதனால் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்று இன்னொன்று உண்டு. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம்.

கதவருகே:
ரகசியத்துக்கு நான் செய்தவை: தனி மின்னஞ்சல், பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அமைப்பு, ஆபீஸ் லேப்டாப்பையும் வைஃபையையும் இதற்குத் தொடவே இல்லை. நிறுத்திய காரில் உட்கார்ந்து, இயர்போன் போட்டுப் பேசினேன். கட்டணம் கட்டினால் கணக்கு அறிக்கையில் எந்தப் பெயர் வரும், அழைப்பு பதிவாகுமா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள்.

மருத்துவர் தானாக ஆபீசுக்குச் சொல்ல மாட்டார். யாருடைய உயிருக்காவது ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு மாதிரி சில விஷயங்களில் மட்டும் ரகசியத்துக்கு விலக்கு உண்டு. மருத்துவரைவிடச் செயலிகளிடம்தான் எனக்குப் பயம். ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. பெயர் கேட்கும் இலவச வினாடி வினாக்களில் உண்மைப் பெயரைப் போடாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் உண்மைப் பெயர்.

பழைய செருப்பு:
எல்லாம் சரி. ஆனால் நிறுத்தும் முதல் சில நாட்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். வலிப்பு வந்தால் நீங்கள் போன் செய்ய முடியாது.

நாலாவது மாடி:
வியாழன் ராத்திரி 9.30-க்கு நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை நிறுத்தவில்லை, கூட்டவும் இல்லை. எவ்வளவு என்று எழுதி வைக்கிறேன். மனைவியிடம் நேற்று சொன்னேன். காலி பாட்டில்கள் எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது வரை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.