மறு: ‘ஓவர்ஹால்’ – பழுதுபார்ப்பு இல்லையென்றால் வேறென்ன?

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கோக்கிற ‘ஓவர்ஹால்’ வேலைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய இழை நீண்டுவிட்டது. ஓவர்ஹாலுக்கு இதுவரை வந்த சொற்கள்: பழுதுபார்ப்பு, செப்பனிடல், முழுச் சீரமைப்பு, மீள்புதுக்கம், கழற்றிப்பூட்டல், திருப்பணி. கடைசிச் சொல்லைப் போட்டவர் நம்மூர்க்காரர்தான் என்று நடையிலேயே தெரிகிறது. அவருக்குக் கீழே தனியாகப் பதில் வைத்திருக்கிறேன்.

எனக்கு இந்தச் சொல் கையோடு வேண்டும். அக்கா மகன் டெக்சாஸில் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து 1975 மாடல் செஸ்னா 172 சிறு விமானம் ஒன்று வாங்கப் பார்க்கிறான். அதில் ஒரு பங்குப் பணம் திருமங்கலத்தில் இருக்கும் அக்கா கொடுப்பது. அக்காவுக்கு விமானம் என்றால் மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் வந்து இறங்குகிற ஏடிஆர் பயணி விமானம்தான். “ஏந்தம்பி, அம்பது வருசத்து வண்டிய எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? நீதான அந்த வேலையில இருந்தவன், என்னன்னு பாத்துச் சொல்லு” என்கிறார். பறப்புப் பயிற்சிப் பள்ளிக் கொட்டகைகளில் பிஸ்டன் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே இந்தச் சொல் வந்து மறிக்கிறது.

மாடல் ஆண்டு அங்கே பெரிய குறையில்லை. செஸ்னா நிறுவனம் 1986இல் 172 தயாரிப்பை நிறுத்தி, பத்தாண்டு கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. அதனால் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்தால் எட்டுகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அறுபது, எழுபதுகளின் வண்டிகள். உடம்பில் அரிப்பு இல்லாமல், பராமரிப்பு ஏடுகள் விடுபடாமல் இருந்தால் அவை இன்னும் நன்றாகவே பறக்கும். விலையை ஏற்றி இறக்குவது எஞ்சின். விளம்பரத்தில் இரண்டு எண்கள் கண்டிப்பாக இருக்கும்: விமானம் மொத்தம் எத்தனை மணி பறந்தது, கடைசி ஓவர்ஹாலுக்குப் பின் எஞ்சின் எத்தனை மணி ஓடியது. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் தமிழில் பெயர் இல்லை.

> பழுதுபார்ப்பு என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பழுது இருந்தால்தானே ஐயா பார்ப்பது? ஓவர்ஹாலுக்குப் போகிற எஞ்சின் அன்று காலைவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அதை இறக்கி, கடைசித் திருகுவரை பிரித்து, கழுவி, புரொப்பெல்லரைச் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தத்துகள் சோதனை செய்து, அளவு தப்பியதை மாற்றி, பேரிங்கும் கேஸ்கட்டும் புதிதாகப் போட்டு, திரும்பக் கோத்து, ஓட்டிப் பார்த்துச் சான்று எழுதுவதுதான் ஓவர்ஹால். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோ ஒன்று போய் அதை மட்டும் மாற்றினால் அது பழுதுபார்ப்பு. ஏட்டில் இரண்டும் வேறு வேறு பதிவு. ஒரே சொல்லால் குறித்தால், வாங்குகிறவன் தலையில் மிளகாய் அரைக்க விற்கிறவனுக்கு நாமே அம்மி எடுத்துக் கொடுத்த மாதிரி.

> ‘முழுச் சீரமைப்பு’ அரசு அகராதி வழக்குக்கும் ஒத்துவரும்.

ஒத்துவரும். ஆனால் சாலைக்கும் கட்சிக்கும் வெள்ளம் போன வாய்க்காலுக்கும் சீரமைப்பு என்று எழுதி எழுதி அந்தச் சொல்லில் ருசி போய்விட்டது. அது போகட்டும், டாப் ஓவர்ஹால் என்று ஒன்று இருக்கிறதே, அதில் சிலிண்டர்களை மட்டும்தான் கழற்றுவார்கள். அதற்கு ‘மேல் முழுச் சீரமைப்பு’ என்றா எழுதுவது? மேலா, முழுசா?

> மதுரைக்காரன் சொல்கிறேன், ‘திருப்பணி’தான் பொருத்தம். அங்கேயும் 12 வருஷக் கணக்கு உண்டு!

அண்ணாச்சி, வாய்விட்டுச் சிரித்தேன். கணக்கு அச்சாகப் பொருந்துவது உண்மை. அதைப் பற்றிக் கீழே வருகிறேன். 2009 ஏப்ரலில் மீனாட்சி கோயில் குடமுழுக்கு நடந்து, 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து, அடுத்த குடமுழுக்கு 12 ஆண்டு தாண்டித் தள்ளிப்போனதுவரை பொருந்துகிறது. எஞ்சின்களும் அப்படித்தான் தவணை தாண்டி ஓடுகின்றன. ஆனால் ‘விமானத் திருப்பணி’ என்று தலைப்புப் போட்டால் நம்மூரில் யார் செஸ்னாவை நினைப்பார்கள்? கருவறைக்கு மேல் இருக்கிற பொன் விமானம் என்று எண்ணி உண்டியல் எங்கே என்று கேட்பார்கள். ஒரு விமானம் ஏற்கெனவே இருக்கிற ஊரில் இது வேலைக்கு ஆகாது.

பட்டறைச் சொல்லிலிருந்து தொடங்கலாம் என்று எனக்கு ஆசை. கப்பலூர்ப் பக்கம் எந்த லாரிப் பட்டறையில் கேட்டாலும் “இஞ்சின் இறக்கணும்ணே” என்பார்கள். கேட்டவுடனே செலவு எவ்வளவு என்று ஓனருக்கு வயிற்றைக் கலக்கும். அவ்வளவு தெளிவான சொல். அதை வைத்து ‘எஞ்சின் இறக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். விமானத்தில் ‘இறக்கம்’ வேறு வேலைக்குப் போய்விட்டது. எஞ்சினை இறக்கினான், வண்டியை இறக்கினான், ஓடுதளத்தில் இறங்கினான் என்று ஒரே பத்தியில் வந்தால் யார் எதை இறக்கினார்கள் என்று பஞ்சாயத்து வைக்க வேண்டும்.

டொராண்டோ அண்ணை தந்த ‘கழற்றிப்பூட்டல்’ எனக்குப் பிடித்தது. கழற்றுவதும் இருக்கிறது, திரும்பப் பூட்டுவதும் இருக்கிறது, பாதி வேலையில் விட்டுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பூட்டுவது என்றால் பொருத்துவது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அண்ணை, நாங்கள் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தூர். ‘பூட்டு’ என்று சொல்லின் வாலைச் சுருக்கியதும் இங்கே எல்லாருக்கும் சாவிதான் ஞாபகம் வரும். கலைச்சொல்லை மக்கள் சுருக்காமல் விடமாட்டார்கள். சுருக்கினாலும் நிற்கிற சொல்லாக வேண்டும்.

ஆகவே பாதியை எடுத்துக்கொண்டேன்: முழுக்கழற்று. டாப் ஓவர்ஹாலுக்குத் தலைக்கழற்று. பட்டறையில் ஏற்கெனவே “ஹெட்டக் கழட்டியாச்சா” என்றுதான் கேட்கிறார்கள். சிலிண்டர் தலையும் அதில் வருகிறது, டாப் என்பதும் வருகிறது. கழற்றினால் மாட்டத்தானே போகிறார்கள், அதைச் சொல்லில் வைக்கத் தேவையில்லை.

இரண்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பது, சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கிற கம்ப்ரஷன் சோதனையைப் பார்த்தால் புரியும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, புரொப்பெல்லரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் சிலிண்டருக்குள் விடுவார்கள். இன்னொரு மானி உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று காட்டும். 80க்கு 76 என்றால் சந்தோஷம். 60க்குக் கீழே போனால் கை வைத்தாக வேண்டும். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே ஒழுகுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பது. சைலன்சர் குழாயில் ‘புஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றுகிற குழாயைத் திறந்து காதை வைத்தால் சத்தம் வருகிறதா? பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கிறது. நாலு சிலிண்டரில் ஒன்றில் வால்வு ஒழுகுகிறது என்றால் அதை மட்டும் கழற்றினால் போதும். கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் அப்படியே இருக்கும். கீழ்ப்பாதியை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். விளம்பரத்தில் வெறுமனே ‘ஓவர்ஹால் ஆனது’ என்று எழுதியிருந்தால், தலையா முழுசா என்று முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்லி மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டேன்.

அடுத்தது இரண்டு ஓவர்ஹாலுக்கு இடைப்பட்ட காலம், டிபிஓ என்று சொல்கிறார்களே, அது. இழையில் ‘கழற்றிடை மணி’ என்று ஒருவர் தந்திருக்கிறார். சந்தம் அழகு, பொருள் பாதி. 1975 செஸ்னா 172இல் இருப்பது லைகமிங் ஓ-320 வகை, 150 குதிரைத்திறன். அதற்கு நிறுவனம் சொல்வது 2000 மணி. அத்தனை மணி ஓடாவிட்டாலும் 12 ஆண்டு. எது முந்துகிறதோ அது. சொல்லுக்குள் ‘மணி’ என்று வைத்துவிட்டால் ஆண்டுக் கணக்கு காணாமல் போகும். காசைக் கரியாக்குவது பெரும்பாலும் அந்த ஆண்டுக் கணக்குதான்.

காரணம் இது. லைகமிங் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது தெறிக்கிற எண்ணெயில்தான் அது நனைகிறது. வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றால் எண்ணெய் முழுக்கக் கீழே வடிந்து, கேம் வெறும் இரும்பாக நிற்கும். ஈரக்காற்று பட்டால் துரு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துருவின் மேலேயே, கேம் தள்ளுகிற டேப்பெட் உரசும். பொருக்குப் பொருக்காகப் பெயரும். 1977 முதல் 1980 வரை வந்த 172களின் ஓ-320 எச்2ஏடி எஞ்சின் இந்தக் கேம் தொல்லைக்கே பேர்போனது. நம் பையன் பார்ப்பது அதற்கு முந்திய மாடல், அதுவரை நிம்மதி.

அவன் அனுப்பிய இரண்டு விளம்பரங்களில் ஒன்று, முழுக்கழற்று முடிந்து 300 மணி. ஆனால் அது நடந்தது 1990களில். மற்றது பயிற்சிப் பள்ளி வண்டி, 1500 மணி. எல்லாம் கடைசி ஐந்தாறு வருடத்தில் ஓடியது. பையனுக்கு முதலாவது மேல் கண். நான் இரண்டாவதைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தினமும் ஓடுகிற எஞ்சின் எண்ணெயில் குளித்துக்கொண்டே இருக்கும். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கிற மடிப்புத் தாளைப் பிரித்து வெயிலில் பிடித்தால் நிலவரம் தெரிந்துவிடும். மினுக்குத் துகள் இருந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு, கேமையோ டேப்பெட்டையோ சந்தேகப்படலாம். ஒட்டாவிட்டால் பிஸ்டனோ பேரிங்கோ. 500 மணிக்குள் முழுக்கழற்றுக்குக் காசு எடுத்துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லியே விலையில் பேரம் பேசலாம்.

மணியும் ஆண்டும் இரண்டும் அடங்க ‘கழற்றுத் தவணை’ என்று வைக்கிறேன். இதை முன்பே சொல்லி வைத்திருந்தேன், சென்னை ஐயா இதற்குள் பதில் அனுப்பிவிட்டார்:

> தவணை வேற்றுமொழி வாடை. ‘கழற்றெல்லை’ எனலாமே. அல்லது ‘கழற்றுக்கெடு’.

கெடு வேண்டாம் ஐயா, எஞ்சின் கெட்டுப்போன மாதிரியே இருக்கிறது. எல்லையில் வேறு சங்கடம். டிபிஓ என்பது பரிந்துரை. அமெரிக்காவில் சொந்தப் பறப்புக்கு மட்டும் வைத்திருக்கிறவர் 2000 மணி தாண்டியும் சோதனைகளில் தேறினால் ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் சில விமானங்களில் சில பாகங்களுக்கு உண்மையிலேயே ஆயுள் முடிவு உண்டு. அந்த மணி வந்ததும் நல்ல நிலையில் இருந்தாலும் கழற்றி எறிந்துவிட வேண்டும். ‘எல்லை’யை அதற்காக விட்டுவைப்போம்: ஆயுளெல்லை. தவணை தாண்டலாம், வட்டி ஏறும். எல்லை தாண்டக்கூடாது. வேற்றுமொழியிலிருந்தே வந்திருந்தாலும், தவணைச் சீட்டுக் கட்டாத தமிழ்க் குடும்பம் எது?

நிறுவனமே எஞ்சினைத் திரும்ப வாங்கி, புதுப் பாக அளவுக்குள் கொண்டுவந்து, பூஜ்ய மணி என்று புது ஏடு கொடுப்பதற்கு ‘ஆலைப்புதுக்கம்’. மீள்புதுக்கம் சொன்னவருக்கு நன்றி, உங்கள் சொல்லில் பாதி இங்கே வந்துவிட்டது. ஊர்ப் பட்டறை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏட்டைப் பூஜ்யமாக்க அதற்கு உரிமையில்லை என்பதால் ‘ஆலை’ அவசியம்.

அன்புடன்,
திருநகர், மதுரை

———

தம்பிக்கு,

பூட்டை நீங்கள் திண்டுக்கல்லுக்கே அனுப்பினது சரி, கோபம் இல்லை. ஆனால் முழுக்கழற்றில் எனக்கு ஒரு இடறல். இறங்கேக்க புரொப்பெல்லர் தரையில் அடிபட்டால் லைகமிங் எஞ்சினை முழுக்கக் கழற்றிப் பார்க்கச் சொல்லுது, இல்லையோ? கழற்றுவினம், உள்ளே கிராங்க் ஷாஃப்டைச் சோதிப்பினம், ஒன்றும் இல்லையெண்டால் பழைய பாகங்களையே திரும்பப் போடுவினம். அதுவும் முழுக்கக் கழற்றினதுதான். விற்கிறவர் அதை முழுக்கழற்று எண்டு எழுதிப்போட்டால் உங்கட மருமகன் ஏமாந்து போவார்.

டொராண்டோ

———

அண்ணை,

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அதற்குத் தனிச்சொல் வேண்டும், ‘கழற்றுச் சோதனை’ என்று வைக்கலாம். அடிபட்டபின் செய்கிற சோதனையில் அளவுகளைப் புதுப்பிப்பதில்லை, தவணையும் திரும்பத் தொடங்குவதில்லை. 1200 மணியில் அடிபட்டால் 1200லிருந்தே மேலே எண்ண வேண்டும். தலைக்கழற்றுக்கும் அதே கதைதான். வரையறையில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: “தவணை மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவது முழுக்கழற்றுக்குப் பின்னும் ஆலைப்புதுக்கத்துக்குப் பின்னும் மட்டுமே.”

அப்படியென்றால் விளம்பரத்து வரியைத் தமிழில் இப்படி எழுதலாம்: “முழுக்கழற்றுக்குப் பின் 1500 மணி, 6 ஆண்டு, தலைக்கழற்று ஒரு சிலிண்டர், கழற்றுச் சோதனை இல்லை.” அடிபட்ட வரலாறு இருந்தும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களா என்பதை ஏட்டைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புரொப்பெல்லர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் எஞ்சின் ஏட்டில் ஒரு வரியும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

சென்னை ஐயா, தவணைக்கு இன்னும் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

திருநகர், மதுரை