கலைச்சொல்: கல்லூரிக் கால்பந்துப் பட்டியலில் ‘கரியர்’ (career) – வாழ்நாளா, கல்லூரிக்காலமா?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பேட்ஜர்ஸ் அணிக்குத் தனியாட்டக்காரர் அட்டவணை ஒன்று தமிழில் தயாராகிறது. ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பாதி ஆட்டம். எண்களில் தகராறு இல்லை, தலைப்புகளில்தான். எந்திர மொழிபெயர்ப்பு கொடுத்தது இது:

“விஸ்கான்சின் கால்பந்து திட்டத்தின் புள்ளிப்பட்டியல். வாழ்நாள் ஓட்டங்கள். தலைவர்: ரான் டெய்ன், 7,125.”

ஒரே வரியில் ஐந்து பிழை. ‘திட்டம்’ என்றால் அரசு நிதி ஒதுக்கியதாகத் தோன்றும். ‘புள்ளிப்பட்டியல்’ என்றால் எந்த அணி எத்தனை வெற்றியோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பது. கிரிக்கெட் தொடர் நடக்கும் நாளெல்லாம் அந்தச் சொல்லைப் பத்திரிகையில் பார்க்கிறோம். ‘ஓட்டங்கள்’ கிரிக்கெட்டுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ‘தலைவர்’ என்றால் கேப்டன். ‘கரியர்’ என்பதற்கு வந்த ‘வாழ்நாள்’ எல்லாவற்றையும்விட மோசம். 7,125 என்பது டெய்ன் கல்லூரியில் ஆடியபோது பந்தை ஏந்தி ஓடிய யார்டுகள். அவர் 2000-இல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குப் போய்த் தொழில்முறையாகவும் ஓடினார். அந்தக் கணக்கு இதில் ஒரு துளியும் இல்லை.

என் முன்மொழிவு: திட்டத்துக்கு ‘அணி’, புள்ளிப்பட்டியலுக்குப் ‘புள்ளிவிவர அட்டவணை’, தலைவருக்கு ‘முதலிடம்’, பந்தை ஏந்தி ஓடி முன்னேறும் ரஷ்ஷிங்குக்கு ‘ஏந்தோட்டம்’, கரியருக்குக் ‘கல்லூரிக்காலம்’. யார்டுக்குக் ‘கெஜம்’ இருக்கவே இருக்கிறது.

– செ.

நா. எழுதியது:

> ரஷ்ஷிங்குக்கு ‘ஏந்தோட்டம்’

செ. ஐயா, ஏந்து + ஓட்டம். ஏந்திழை, ஏந்தெழில் போல வினைத்தொகை. புணர்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘விரைவோட்டம்’ என்று யாராவது கொண்டுவரும் முன்பே இதை வைத்தது நல்லது. அது நூறு மீட்டர் பந்தயம் ஆகிவிடும்.

என் ஐயம் பொருளில். பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவது இந்த ஆட்டத்தில் ஓர் இடத்தில் மட்டுமா நடக்கிறது? எறிந்த பந்தைப் பிடித்தவரும் ஏந்தித்தான் ஓடுகிறார். எதிரணி உதைத்த பந்தை எடுத்துத் திரும்பி வருபவரும் அப்படியே. மூன்றையும் ஒரே சொல் விழுங்கினால் அட்டவணை நிற்காது.

‘கெஜம்’ சரி. டெய்னின் 7,125-ஐ ஒன்பது கெஜப் புடவையாக்கினால் 791 புடவை, மிச்சம் ஆறு கெஜம். ஜகரம் வேண்டாதவர்கள் கெசம் என்று எழுதிக்கொள்ளட்டும். அதை வைத்து இழையை இழுக்க வேண்டாம்.

– நா.

கு. எழுதியது:

வணக்கம். சொல்லுக்கு முன் எண்ணும் விதியைப் பார்த்துவிட்டால் நா. அம்மாவின் ஐயம் பாதி தீரும்.

பந்து வைக்கப்பட்ட கோட்டிலிருந்து தொடங்கும் ஆட்டத்தில், முன்னோக்கிய எறி எதுவும் நடக்காமல் பந்து நகர்ந்தால் அது ரஷ்ஷிங். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ தள்ளிவிட்டதை வாங்கி ஓடினாலும் ரஷ்ஷிங்தான். அரையடி தூரம் முன்னோக்கித் தட்டிவிட்டதை வாங்கி ஓடினால் அது எறிகணக்கு. ஓடியவர் பேரில் பிடிகணக்கு. குறுக்கே ஓடிவரும் ஆட்டக்காரருக்குப் பந்தைக் கையில் கொடுத்தார்களா, முன்னால் தட்டினார்களா என்று கணக்கர்கள் காணொளியை நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓட்டம். கணக்கில் வேறு வேறு பத்தி.

ஆக, வரையறையைச் சொல் சுமக்காது. அடிக்குறிப்புதான் சுமக்க வேண்டும். ‘ஏந்தோட்டம்’ இதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடலாம். பிடித்தபின் ஓடுவது ‘பிடிகெஜம்’, உதைத்ததைத் திருப்பிக்கொண்டு வருவது ‘திருப்போட்டம்’. மூன்றையும் கூட்டினால் வருவதை ஆங்கிலத்தில் ஆல்-பர்பஸ் என்கிறார்கள். அதில் எறிந்த கெஜம் சேராது. டோட்டல் அஃபென்ஸ் என்பது ஏந்தோட்டமும் எறியும் மட்டும். இரண்டையும் ‘மொத்தம்’ என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. முதலாவதற்கு ‘சுமைக்கெஜம்’, இரண்டாவதற்குத் ‘தாக்குகெஜம்’ என்று வைக்கலாமா?

இன்னொரு பொறி. தொழில்முறை ஆட்டத்தில், எறிய நின்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவரை) எதிரணி மடக்கி வீழ்த்தினால் இழந்த கெஜம் அணியின் எறிகணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் அது அந்தக் குவார்ட்டர்பேக்கின் ஏந்தோட்டத்தில் கழியும். அவர் 40 கெஜம் ஓடி, இரண்டு முறை மடக்கப்பட்டு 30 இழந்தால் பேரேட்டில் 10 மட்டும். அதனால் மூன்று பத்தி வேண்டும்: ஈட்டம், இழப்பு, நிகரம். பட்டியலில் ஏறுவது நிகரம்.

மேலும், நேரத்தைக் கரைக்கக் குவார்ட்டர்பேக் பந்தோடு மண்டியிட்டால் அந்த இழப்பு ஆள் பேரில் ஏறாது. ‘அணி’ என்று தனி வரி போட்டு அதில் ஏற்றுவார்கள். ஆட்டக்காரர்களைக் கூட்டினால் அணியின் கூட்டுத்தொகையோடு ஒட்டவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் அந்த வரியைப் பார்க்கவும்.

– கு.

நா. எழுதியது:

சுமைக்கெஜம் வேண்டாம், மூட்டை தூக்குவது போலிருக்கிறது. ‘முவ்வகைக் கெஜம்’ என்று நேராகவே எழுதிவிடலாம். ஏந்தோட்டம், பிடிகெஜம், திருப்போட்டம், தாக்குகெஜம் எனக்குச் சம்மதம்.

‘சாதனை’யைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ரெக்கார்டு என்றதும் கை தானாகச் சாதனை என்று எழுதுகிறது. இந்த அட்டவணைகளில் ஒரு பருவத்தில் எதிரணியிடம் அதிகம் பந்தைப் பறிகொடுத்தவர் பேரும் இருக்கும். அதையும் சாதனை என்றால் நையாண்டி. ‘பதிவு’ என்றால் பத்திர அலுவலகம். ‘உச்சம்’ எப்படி? ஆட்ட உச்சம், பருவ உச்சம், கல்லூரிக்கால உச்சம். நல்லதற்கும் கெட்டதற்கும் பொருந்தும்.

– நா.

செ. எழுதியது:

உச்சம் நன்று. ஆனால் ‘பருவம்’ இடறுகிறது. கல்லூரி என்றதும் பருவத் தேர்வுதான் நினைவுக்கு வரும். ‘பருவ உச்சம்’ என்றால் செமஸ்டரில் முதல் மதிப்பெண் போல. ‘ஆண்டு உச்சம்’ என்று போட்டால் என்ன?

– செ.

கு. எழுதியது:

> ‘ஆண்டு உச்சம்’ என்று போட்டால் என்ன?

போடக் கூடாது. ஆட்டம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. டெய்ன் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக, பருவமுடிவில் நடக்கும் ரோஸ் பௌலில் 200 கெஜம் ஓடியது 2000 ஜனவரி 1 அன்று. கணக்கில் அது 1999-க்கு உரியது. ஆண்டு என்று தலைப்பிட்டால் யாராவது ‘திருத்தி’ 2000-க்கு நகர்த்திவிடுவார்கள். ‘ஆட்டப்பருவம்’ என்று நீட்டிக்கொள்வோம்.

பௌல் பேச்சு வந்துவிட்டதால் பெரிய சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டெய்னுக்கு இரண்டு எண்கள் உண்டு. விஸ்கான்சின் பட்டியலில் 7,125. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பட்டியலில் 6,397. இரண்டும் சரி. சங்கம் 2002 முதல்தான் பருவமுடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களைத் தனியாட்டக்காரர் கணக்கில் சேர்க்கிறது. பழையவற்றைத் திரும்பப் போய்ச் சேர்க்கவில்லை. பிரித்தால் இப்படி:

1996: 1,863, பௌலில் 246
1997: 1,421, பௌலில் 36
1998: 1,279, பௌலில் 246
1999: 1,834, பௌலில் 200

இடப்பக்கம் கூட்டினால் 6,397. பௌல்கள் மட்டும் 728. சேர்த்தால் 7,125. சான் டியேகோ ஸ்டேட் அணியின் டானல் பம்ஃப்ரி 2016-இல் 6,405 என்று முடித்து, எட்டு கெஜத்தில் சங்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தார். அவர் கணக்கில் பௌல்கள் உண்டு, டெய்ன் கணக்கில் இல்லை. ஒருவருக்கு அரிசியை உமியோடும் மற்றவருக்கு உமி நீக்கியும் நிறுத்த மாதிரி.

பாரி சாண்டர்ஸும் இதே பாடு. ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்கு 1988-இல் 11 ஆட்டத்தில் 2,628 கெஜம். ஹாலிடே பௌலில் ஓடிய 222 சேரவில்லை, சேர்ந்திருந்தால் 2,850. பாய்சி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி 2024-இல் பௌல் உட்பட 14 ஆட்டம் ஆடி 2,601-இல் நின்றார், 27 குறைவு. ஆட்டத்துக்குச் சராசரி போட்டால் சாண்டர்ஸுக்கு 238.9, ஜென்டிக்கு 185.8. உச்சம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையும் பௌல் உண்டா இல்லையா என்பதும் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

நம் அட்டவணைக்குள்ளும் இது கடிக்கும். பேட்ஜர்ஸின் ஆட்டப்பருவ ஏந்தோட்டத்தில் மெல்வின் கோர்டன் 2,587 (2014), ஜானத்தன் டெய்லர் 2,194 (2018), அடுத்து டெய்ன் 2,109 (1996). சங்கக் கணக்கில் இருந்து டெய்னின் 1,863-ஐ எடுத்துவந்து இங்கே ஒட்டினால் அவர் மூன்றாம் இடத்திலிருந்து சரசரவென்று இறங்குவார். இரண்டு மூலங்களையும் ஒரே பத்தியில் கலப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

– கு.

செ. எழுதியது:

அப்படியானால் பௌலுக்குச் சொல்? ‘கிண்ண ஆட்டம்’ என்று எழுதியிருந்தேன்.

நா. எழுதியது:

வேண்டாம் ஐயா. இலங்கையில் உலகக் கோப்பையை உலகக் கிண்ணம் என்பார்கள். அங்குள்ள வாசகர் பரிசுக் கோப்பை என்றே எடுப்பார். இங்கே பௌல் என்பது அரங்கின் வடிவம்: யேல் பல்கலைக்கழகத்தின் குழிவான அரங்கு, அதைப் பார்த்துக் கட்டிய பசடேனா அரங்கு, அதிலிருந்து ஆட்டத்துக்கு வந்த பெயர். பெயரில் ‘ரோஸ் பௌல்’ அப்படியே இருக்கட்டும். வகைப்பெயராகப் ‘பருவமுடிவாட்டம்’.

கு. அவர்களின் இரண்டு எண்களைப் பார்த்தபின் ‘கல்லூரிக்காலம்’ எனக்கு ஒட்டவில்லை. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்களை என்ன செய்வது?

கு. எழுதியது:

அதுதான் கேள்வி. ரஸல் வில்சனை எடுங்கள். வட கரோலினா ஸ்டேட் அணிக்கு 2008 முதல் 2010 வரை எறிந்தது 8,545 கெஜம். 2011-இல் விஸ்கான்சினுக்கு வந்து ஒரே பருவத்தில் 3,175. சங்கத்தின் பேரேட்டில் அவர் கரியர் 11,720. பேட்ஜர்ஸ் பட்டியலில் கரியர் என்ற அதே தலைப்பின் கீழ் அவருக்கு 3,175 மட்டுமே. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. கேட்பவர் எந்தப் பட்டியல் என்று பார்த்துப் புரிந்துகொள்கிறார். அணி மாறுவோருக்கான இணையவழிப் பதிவு 2018-இல் வந்தபின் இப்படிப்பட்டவர்கள் பெருகிவிட்டார்கள்.

நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? இரண்டு சொல் வைப்போம். ஓர் அணியின் பட்டியலுக்கு ‘அணிக்காலம்’. எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்த சங்கப் பட்டியலுக்குக் ‘கல்லூரிக்காலம்’. வில்சனின் அணிக்கால எறிகெஜம் 3,175, கல்லூரிக்கால எறிகெஜம் 11,720. வாக்கியத்தைப் படித்த உடனே விளங்கிவிடும்.

– கு.

நா. எழுதியது:

அணிக்காலம். முழு ஒப்புதல். ‘பணிக்காலம்’ என்று எழுத்துப்பிழையாக விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; மாணவர்களுக்கு அது பொருந்தாது.

செ. எழுதியது:

ஏற்றேன். வில்சன் வந்ததால் ஒன்று. பந்து எறிபவரின் திறனை அளக்கும் பாஸர் ரேட்டிங்குக்கு ‘எறிதிறன் எண்’ என்று போட்டிருக்கிறேன். ‘மதிப்பெண்’ வேண்டாமென்று தவிர்த்தேன், நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள்.

கு. எழுதியது:

சரியான முடிவு. இது நூற்றைத் தாண்டும். கல்லூரிச் சூத்திரம்: எறிகெஜத்தை 8.4-ஆலும், டச்டவுனை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் புள்ளி) 330-ஆலும், பிடிபட்ட எறிகளை 100-ஆலும் பெருக்கிக் கூட்டு. பறிகொடுத்தவற்றை 200-ஆல் பெருக்கிக் கழி. வந்ததை மொத்த எறிகளால் வகு. வில்சன் 2011: 309 எறி, 225 பிடிபட்டது, 3,175 கெஜம், 33 டச்டவுன், 4 பறிகொடுப்பு. 26,670 + 10,890 + 22,500 − 800 = 59,260. 309-ஆல் வகுத்தால் 191.8. தொழில்முறை ஆட்டத்தின் சூத்திரம் வேறு, அதன் உச்சவரம்பு 158.3. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு ஒப்பிடாமலிருக்க, ‘கல்லூரி எறிதிறன் எண்’ என்று முழுதாக எழுதுங்கள்.

சராசரி, திறன் எண் போன்ற பத்திகளில் ‘தகுதி வரம்பு’ என்றொரு குறிப்பும் வேண்டும். இல்லையேல் ஒரே ஒரு தடவை பந்தை வாங்கி 60 கெஜம் ஓடியவர், சராசரி 60 என்று டெய்னுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுவார்.

– கு.

செ. எழுதியது:

திருத்திய முதல் வரிகள், பார்வைக்கு:

“பேட்ஜர்ஸ் – அணிக்கால உச்சங்கள் – ஏந்தோட்டம் (நிகரக் கெஜம், பருவமுடிவாட்டங்கள் உட்பட). முதலிடம்: ரான் டெய்ன், 1996–1999, 7,125. அடுத்து ஜானத்தன் டெய்லர், 2017–2019, 6,174; மான்டி பால், 2009–2012, 5,140; மெல்வின் கோர்டன், 4,915.”

டெய்ன் பெயரருகே உடுக்குறி (*). அடியில்: “என்.சி.ஏ.ஏ. கல்லூரிக்காலப் பட்டியலில் 6,397. அதில் 2002-க்கு முந்தைய பருவமுடிவாட்டங்கள் சேரா.”

குவார்ட்டர்பேக்கை மடக்குவதற்கு, ‘சாக்’குக்கு, இன்னும் சொல் இல்லை. கபடியிலிருந்து ‘மடக்கு’ எடுக்கலாம் என்று தோன்றுகிறது. இருவர் சேர்ந்து மடக்கினால் ஆளுக்கு ‘அரை மடக்கு’. தனி இழையில் தொடங்குகிறேன்.

– செ.