ரிப்போர்ட் ஓடினால் தளம் திணறுகிறது: போஸ்ட்கிரெஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நடத்துவது மளிகை டெலிவரி தளம். ஆர்டர், ஸ்டாக், பேமெண்ட் எல்லாமே ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. கணக்குப் பிரிவு காலையில் மாத விற்பனை ரிப்போர்ட்டை ஓட்டினால் போதும், வாடிக்கையாளருக்கு கார்ட் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆர்டர் டேபிள் முழுவதையும் அந்த க்வெரி படிப்பதால் டிஸ்க் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. என்னை அதிகம் உறுத்துவது வேறு. க்வெரி முடியும்வரை, அது தொடங்கிய பிறகு காலாவதியான பழைய வரிகளை வேக்யூமால் (போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலை) அகற்ற முடியாது. ஸ்டாக் டேபிளில் ஒவ்வொரு ஆர்டருக்கும் அப்டேட் விழுந்து பழைய வரிகள் சேர்வதால் டேபிள் ஊதிவிடுகிறது. ரிப்போர்ட் முடிந்தும் மந்தம் தொடர்வது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி என்று ரீட் ரெப்ளிகாவுக்கு (பிரைமரி என்ற மூல சர்வரின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கும், படிக்க மட்டுமான நகல்) ரிப்போர்ட்டைத் திருப்பினோம். அங்கே க்வெரி பாதியில் கேன்சல் ஆகிறது. ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே (க்வெரியோடு மோதும் மாற்றங்களை ரெப்ளிகா எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்ற வரம்பு) இன்னும் டீஃபால்ட்டான 30 விநாடியில்தான் இருக்கிறது. ரெப்ளிகாவில் ஓடும் க்வெரிக்குத் தேவையான வரிகளை அகற்றாதே என்று பிரைமரிக்குச் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை ஆன் செய்தால் கேன்சல் பெரும்பாலும் நிற்கும், ஆனால் வேக்யூம் தொல்லை பிரைமரிக்கே திரும்பி வரும். டிலேயை ஒரு மணி நேரமாக்கலாம் என்றால், ஃபெயிலோவருக்கும் (பிரைமரி விழுந்தால் அதன் இடத்தை எடுக்க) இதே ரெப்ளிகாதான். அது பின்தங்கி நிற்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டுக்கென்று தனி ரெப்ளிகா போடுவதா, நாள்வாரி மொத்தங்களை மெட்டீரியலைஸ்டு வியூவாக (க்வெரியின் விடையை முன்கூட்டியே சேமித்து வைப்பது) இரவில் புதுப்பிப்பதா, இல்லை ரிப்போர்ட் வேலைகளுக்கான தனி டேட்டாபேஸான கிளிக்ஹவுஸுக்கே போய்விடலாமா? எங்கள் டீம் சின்னது, இன்னொரு டேட்டாபேஸைப் பராமரிக்க ஆள் இல்லை. தீபாவளி ஆர்டர்கள் குவிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். இதே நிலைமையைச் சமாளித்தவர்கள் எந்த வழியில் போனீர்கள், அப்புறம் அதில் என்ன சிக்கல் வந்தது என்று சொல்லுங்கள்.