ஸ்லைடு ஃபிலிம் கிருஷ்ணகிரியில் போணியாகுமா?

ஓசூர்_லென்ஸ்: கோடாக் 2012இல் நிறுத்திய எக்டாக்ரோமை, அதாவது நெகட்டிவ் இல்லாமல் நிஜ நிறத்திலேயே படம் விழும் ஸ்லைடு ஃபிலிமை, 2018இல் ஈ100 என்று திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே மீடியம் ஃபார்மேட் என்ற பெரிய அளவு ரோலிலும் விட்டார்கள். போணியாகாத சரக்கை யாராவது இப்படிப் பெருக்குவார்களா? நாலைந்து பேர் சேர்ந்து ரோல் வரவழைப்போம். கழுவுவதையும் கிருஷ்ணகிரியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ரவுண்டானா_ஸ்டூடியோ: தம்பி, கோடாக்கின் கணக்கு வேறு. ராச்செஸ்டர் ஆலை சினிமா ஃபிலிமால் ஓடுகிறது, அதே ஆலையில் இதையும் பூசுகிறார்கள். ரசிகர்கள் பணத்தை நம்பி இறங்கியது இத்தாலியின் ஃபெரானியா ஃபிலிம் கம்பெனி. கலர் ஸ்லைடு தருவதாக 2014இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2017இல் வெளியே வந்தது பி30, கறுப்பு வெள்ளை! நம் கல்யாண பார்ட்டிக்கு முகூர்த்தம் முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் படம் வேண்டும். அவர்களிடம் ஸ்லைடை நீட்டினால் ஆல்பம் எங்கே என்பார்கள்.

தீர்த்தமலை: கல்யாணத்தை விடுங்கள் அண்ணா, அதற்கு யார் கேட்டார்கள்? என் பயம் வேறு. ஒகேனக்கல்லில் வெயில் ஏறியபின் கரும்பாறையையும் வெள்ளை நுரையையும் ஒரே ஃபிரேமில் ஸ்லைடில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் அரை ஸ்டாப் கூடினாலும் நுரை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி மாதிரி ஃபிலிம். நெகட்டிவ் என்றால் பொறுத்துக்கொள்ளும். முதல் ரோல் இப்படிப் போனவன் இரண்டாவது வாங்குவானா?

ஓசூர்_லென்ஸ்: வாங்குவான். சரியாக விழுந்த ஒரு ஸ்லைடை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தவன் விடமாட்டான். பெங்களூரு ஆட்கள் வாரம் தவறாமல் இந்தப் பக்கம் வருகிறார்கள், அவர்கள்தான் என் கணக்கு.

ரவுண்டானா_ஸ்டூடியோ: வருகிறவன் அங்கேயே கழுவிக்கொள்ள மாட்டானா? ஸ்லைடு கழுவும் ஈ-6 முறையில் முதல் டெவலப்பர் மருந்து 38 டிகிரியில் நிற்க வேண்டும், அரை டிகிரி விலகினால் படத்தில் தெரியும். கலந்த மருந்து காற்றுப்பட்டுக் கெடும். ரோல் வந்துகொண்டே இருந்தால்தான் மருந்துக் காசாவது தேறும்.

ஓசூர்_லென்ஸ்: ரோல் சேரும்வரை மருந்தைக் கலக்கவே வேண்டாமே? ஒரு லிட்டர் கிட், தண்ணீர் பக்கெட், அதில் சூடு நிறுத்தும் ஹீட்டர். மாதம் ஒரு ஞாயிறு போதும். லேப் மெஷின் எதற்கு?

தீர்த்தமலை: ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு. தலைப்பை மாற்று.

ரவுண்டானா_ஸ்டூடியோ: சரி, முன்பணம் வாங்கிப் பார். பத்து பேர் கட்டினால் என் டார்க்ரூமைத் தருகிறேன். வாடகை உண்டு. அப்புறம், கழுவி முடித்த பிளீச், ஃபிக்ஸர் மருந்துகளைக் கேனில் பிடித்து நீயே எடுத்துப் போகவேண்டும். என் கடைச் சாக்கடையில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது.