பெர்ஃபெக்ட் கேம்: நிறையாட்டமா, முற்றாட்டமா?

காரைக்குடியிலிருந்து, செவ்வாய் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை காலைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக் கணினிப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி அலகின் விவாதக் கேள்வி இது: குறையே சொல்ல முடியாத வீடியோ கேம் ஒன்று இருக்க முடியுமா? ஆங்கிலத்தில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு அங்கேயே இரண்டு பொருள் இருப்பதுதான் என் தொல்லை. 1980இல் ஜப்பானில் வந்த பேக்மேன் என்ற வீடியோ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்துக்கு (லெவலுக்கு) முன் ஓர் உயிரும் போகாமல், புள்ளி, பழம், பேய் எதையும் விடாமல் தின்று ஆடி, கடைசிக் கட்டத்தில் மிச்ச உயிர்களையும் வைத்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தால் 33,33,360 புள்ளி கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் எடுக்க முடியாது. அப்படி ஆடி முடிப்பதைத்தான் 'பெர்ஃபெக்ட் கேம்' என்கிறார்கள். இது ஆடுகிறவரின் திறமை. ஆனால் அதே பேக்மேன் தன் கட்ட எண்ணை ஒரே பைட்டில், அதாவது நினைவகத்தின் ஒரு சிறு இடத்தில், வைத்திருக்கிறது. பைட்டு 255 வரைதான் தாங்கும். 256ஆம் கட்டம் வந்ததும் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகக் கலங்கிப்போகிறது. குறையில்லாமல் ஆடுகிறவர் கடைசியில் போய் நிற்பது ஆட்டத்தின் குறையில். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளைகளுக்குப் புரியாது.

தேவகோட்டையிலிருந்து, புதன் காலை

தம்பி, 'நிறை' இருக்கையில் வேறெங்கே தேட வேண்டும்? 'நிறைமொழி மாந்தர்' என்றார் வள்ளுவர். பொருளியல் பாடநூலில் 'பெர்ஃபெக்ட் காம்பெடிஷன்' என்பதற்கு 'நிறைவுப் போட்டி' எப்போதோ வந்துவிட்டது. கணிதத்தின் 'பெர்ஃபெக்ட் ஸ்கொயர்', நாம் 'முழு வர்க்கம்' என்பது, அதை ஈழத்தார் 'நிறைவர்க்கம்' என்கிறார்கள். 'அரங்கின்றி வட்டாடியற்றே நிரம்பிய நூலின்றி' என்ற குறளையும் பாருங்கள். கட்டம் போட்டு ஆடும் ஆட்டமும் நிரம்புதலும் ஒரே அடியில் நிற்கின்றன. வீடியோ கேமுக்கு 'நிகழ்பட ஆட்டம்' என்று விக்கிப்பீடியாவில் வழங்குகிறது. அதிலிருந்து 'ஆட்டம்' எடுத்துக்கொண்டால் நிறையாட்டம். முடிந்தது.

பள்ளத்தூரிலிருந்து, புதன் மதியம்

ஐயா மன்னிக்க வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். 'நிறைய ஆட்டமாப்பா?' என்று மகன் கேட்டான். இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு நிறை என்றால் கிலோகிராம். அதைவிட, நிறையா ஆட்டம் என்று பிரித்தால் நிறையாத ஆட்டம் என்று நேரெதிர்ப் பொருளல்லவா வரும்? 'குறையற்ற ஆட்டம்' என்று எழுதுங்கள். அகராதி இல்லாமல் புரியும்.

தேவகோட்டையிலிருந்து, புதன் மாலை

அப்படிப் பிரிக்க இலக்கணம் விடாது. 'இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்.' நிறை ஐகார ஈறு, ஆகவே யகரம் பெற்று நிறையாட்டம் ஆகிறது. நிறையா என்பது ஆகார ஈறு. அது வகரம் பெற்று 'நிறையாவாட்டம்' என்றுதான் ஆகும். உயிரும் உயிரும் சேருமிடத்தில் வரும் இந்த உடம்படுமெய்யே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஓசையைக் கேட்டுப் பழகாத காதுக்காகச் சொல்லை விட்டுக்கொடுக்கச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'குறையற்ற ஆட்டம்' வருணனை. கலைச்சொல் ஆகாது.

கானாடுகாத்தானிலிருந்து, புதன் இரவு

எல்லாரும் 'ஆட்டம்' என்றே தொடங்கிவிட்டீர்கள். தொல்காப்பியர் உரியியலில் 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்று இரண்டு சொல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பண்ணை என்று வைக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். பேரனிடம் கேட்டால், 'பண்ணை கேம்' என்பது பயிர் வைத்து மாடு வளர்க்கிற வகையாம். சரி, அதை விட்டுவிடுகிறேன், மனசில்லாமல்தான்.

ஆனால் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு 'அலகிலா விளையாட்டுடையார்' என்று கம்பன் இறைவனைச் சொன்னதை யாரும் நினைக்கவில்லையே. ஆக்கலும் நிலைபெறுத்தலும் நீக்கலும் ஓயாமல் நடக்கிற விளையாட்டு அது. அலகு என்றால் அளவு. 33,33,360 என்று எண்ணி முடித்துவிட முடிகிற ஒன்று எப்படிக் குறையற்றதாகும்?

எங்கள் வளவில், இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில், அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடியிருக்கிறேன். மீன் போல் மடக்குகிற மரப்பலகை. கை பட்டுப் பட்டுக் குழியெல்லாம் வழுவழுவென்று இருக்கும். 14 குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70 சோழி. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வோம். ஒளிவுமறைவே கிடையாது, எழுபதும் கண்ணுக்கு நேரே கிடக்கும். ஆனாலும் யார் ஜெயிப்பார் என்று ஒருநாளும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. தோற்றவர் மிச்சமிருக்கிற சோழியை நிரப்புகிற மட்டும் நிரப்பி, நிரம்பாத குழியை மூடிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவார். அப்பத்தா அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக் குலுக்குகிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

காரைக்குடியிலிருந்து, புதன் இரவு

ஆச்சி, 'அலகிலா' அழகான சொல். ஆனால் பாடத்தின் 'யூனிட்'டுக்கே அலகு என்று போட்டிருக்கிறேனே!

கோட்டையூரிலிருந்து, வியாழன் காலை

ஆச்சி சொன்ன அந்த மிச்சத்தில்தான் விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொழிற்பெயர். ஆடுகிற செயலைக் குறிக்கும்போது அப்படியே நிற்கிறது. பெட்டியில் விற்கிற பொருளைக் குறிக்கும்போது தொழிலாகுபெயர் ஆகிவிடுகிறது, 'வற்றல் தின்றான்' என்பதுபோல. அண்ணன் கேட்ட இரண்டு பொருளும் இந்த இரண்டுதான்.

செயலுக்கு 'முற்று' பொருந்தும். வினை முடிந்தது, யார் முடித்தார் என்பதும் தெரிகிறது. பேக்மேனில் 33,33,360 எடுப்பது முற்றாட்டம். ஆனால் பொருளாக இருக்கிற ஆட்டம் எப்போதும் எச்சம். 'வந்து' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், அடுத்து என்ன என்று நாம் காத்திருக்கிறோமே, அப்படித்தான் ஒவ்வொரு கேமும் தன் வினைக்காகக் காத்திருக்கிறது. அந்த வினை ஆடுகிறவருடைய கையில். எச்சமே இல்லாமல் முடிந்துவிட்ட கேமில் நமக்கு வேலை இல்லை. நல்ல கேம் முற்றெச்சம் போன்றது. 'கண்டனன் வணங்கினான்' என்பதில் 'கண்டனன்' முற்று வடிவில் நின்று, 'கண்டு' என்று எச்சப் பொருள் தருகிறது. பார்த்தால் முடிந்தது போலிருக்கும், உள்ளே இன்னொரு வினைக்கு இடம் வைத்திருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து, வியாழன் காலை

இதற்கு டெட்ரிஸ் நல்ல எடுத்துக்காட்டு, மேலிருந்து விழுகிற வடிவங்களை இடைவெளி விடாமல் அடுக்குகிற கேம். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. ஏழே வடிவம். 'எஸ்' எழுத்துப்போல் வளைந்ததும் 'இசட்' எழுத்துப்போல் வளைந்ததும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு திறமையாக ஆடினாலும் தோல்விதான் என்று கணிதத்தில் நிறுவியிருக்கிறார்கள். ஆக அதில் முற்று என்பதே கிடையாது என்று நினைத்திருந்தோம். 1989இல் நின்டெண்டோவுக்கு வந்த பதிப்பை 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஆடிக்கொண்டே போய், கேமே உறைந்து நிற்கிற இடம் வரை கொண்டுவிட்டான். முற்றுப்புள்ளியை ஆடுகிறவனே வைத்துவிட்டான்.

காரைக்குடி மாணவி, வியாழன் மதியம்

சார் சொல்லித்தான் குழுமத்தில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் 'செம கேம்' என்போம். செம என்பது செம்மைதானே? செவ்வாட்டம் என்று வைத்தால் எங்களுக்கு உடனே ஒட்டும்.

தேவகோட்டையிலிருந்து, வியாழன் மாலை

செம்மை என்றே நானும் நினைக்கிறேன் அம்மா. காது கொடுத்துக் கேட்டிருக்கிறாய், மகிழ்ச்சி. ஆனால் செம்மை நேர்மையைச் சொல்லும், நிறத்தைச் சொல்லும். நிரம்பியதைச் சொல்லாது. முற்றாட்டத்தையும் நான் ஏற்கவில்லை. முற்றிய வெண்டைக்காயை யார் வாங்குவார்? முற்று என்றதும் தமிழ்க் காதுக்கு அதுதான் முதலில் கேட்கும்.

காரைக்குடியிலிருந்து, வியாழன் இரவு

அச்சுக்கூடத்தில் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். ஐந்து பேர் சொன்னதை வைத்து, ஆடி முடிக்கும் செயலுக்கு 'முற்றாட்டம்' என்றும், பொருளுக்குக் 'குறையற்ற ஆட்டம்' என்றும் எழுதிவிட்டேன். இரண்டாவது எனக்கே முழுத் திருப்தி இல்லை. முற்றெச்ச விளக்கத்தை அப்படியே விவாதக் கேள்விக்குக் கீழே சேர்த்திருக்கிறேன். கோட்டையூராருக்கு நன்றி.

தேவகோட்டையிலிருந்து, வெள்ளி விடியற்காலை

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் இதைப் பார்த்தால், குறையற்ற ஆட்டம் வருகிற முதல் இடத்திலாவது பக்கத்தில் 'நிறையாட்டம்' என்று சேர்த்துவிடுங்கள் தம்பி. யகரம் விட்டுப்போகாமல்.