பில்போர்டு ஆர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

பசுமலை:
அனைவருக்கும் வணக்கம். ஓவிய வகுப்புக் கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. 'பில்போர்டு ஆர்ட்', அதாவது சாலையோரப் பெரிய விளம்பரப் பலகைகளில் வைக்கும் கலை, இந்த ஒரு சொல்தான் நிற்கிறது. 'விளம்பரப் பலகைக் கலை' என்று எழுதி அடித்துவிட்டேன். 2015-இல் டெஹ்ரானில் பத்து நாள், ஏறக்குறைய 1,500 பலகைகளில் விளம்பரத்தை எடுத்துவிட்டுக் கலைப்படைப்புகளை வைத்தார்கள். விளம்பரத்தை இறக்கியதுதானே அங்கே செய்தி? பெயரில் அதையே மறுபடி ஏற்றுவதா?

உசிலம்பட்டி:
அம்மா, 'பதாகை' என்று யாராவது சொல்வார்கள், ஏற்காதீர்கள். அது வடசொல். மதுரைக்காஞ்சி நம் மதுரைக் கடைத்தெருவை 'ஓவுக் கண்டன்ன இருபெரு நியமத்து' என்கிறது. ஓவு என்றால் ஓவியம், நியமம் என்றால் கடைத்தெரு. அடுத்த அடியிலேயே 'உருவப் பல்கொடி', அழகிய பல கொடிகள். ஓவு, ஓவம், ஓவியம் மூன்றும் 'ஒவ்வு' என்ற வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு, ஒத்திருப்பதே ஓவியம். 'ஓவுப்பலகை' என்று வையுங்கள்.

செல்லூர்:
ஐயா, ஓவுப்பலகைன்னா எங்க தெருவுல ஒருத்தருக்கும் விளங்காது. எங்கப்பா சினிமாவுக்குத் தட்டி கட்டினவர். மூங்கிலைப் பிளந்து குறுக்கும் நெடுக்குமாப் பின்னி, பழைய பேப்பரை மைதாப் பசையில ஒட்டி வெயில்ல சாய்ச்சு வைப்பார். காய்ஞ்சதும் விரலால சுண்டினா மத்தளம் மாதிரி கேக்கும். அது மேலதான் போஸ்டர். 'தட்டி ஓவியம்' போதும்.

உசிலம்பட்டி:
தம்பி, அப்பாவின் தொழிலுக்கு என் வணக்கம். ஆனால் 'தட்டி' வினையெச்சமாகவும் நிற்கும். நாளைக்கே ஒருவர் 'தட்டிக்கலை' என்பார். அடித்துக் கலைத்துவிடு என்று பொருள்படும்.

திருநகர்:
'இ ஈ ஐவழி யவ்வும்' என்பது நன்னூல்: இகரத்துக்குப் பின் உயிர் வந்தால் நடுவே ய் தோன்றும். தட்டியோவியம் என்று சேர்த்தெழுதினால் அந்த மயக்கம் இல்லை. என் தடை வேறு. இரும்புச் சட்டத்தில் ஏற்றிய பிளெக்ஸில் மூங்கில் எங்கே இருக்கிறது? மதுரைக் காளவாசலில் நிற்கும் எவரும் பேனர் என்றுதான் சொல்வார்.

செல்லூர்:
கரண்டி மரத்துல இருந்தாலும் எவர்சில்வர்ல இருந்தாலும் கரண்டிதானே அண்ணே.

பசுமலை:
மணி பதினொன்றரை ஆகிறது. 'தட்டியோவியம்' என்றே போடுகிறேன். ஓவுப்பலகையை அடிக்குறிப்பில் தருகிறேன் ஐயா.

உசிலம்பட்டி:
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள் அம்மா? சரி, போடுங்கள்.

திருநகர்:
கையேட்டின் நான்காம் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். அமெரிக்கக் கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸ் 1992-இல் நியூயார்க்கில் 24 இடங்களில் வைத்த படம்: கசங்கிய படுக்கை, தலை பதிந்த இரண்டு தலையணைகள், ஓர் எழுத்துகூட இல்லை. துணைவரை இழந்த மறு ஆண்டு வைத்தது. அது ஒளிப்படம் அம்மா, ஓவியம் அல்ல. அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் போடப் போகிறீர்கள்?